5700ஆ, 5700எக்ஸா? கீழக்கரையில் ஒரு கேமிங் கணினியை மேம்படுத்திய கதை

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். துபாயில் இருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணே, ரெண்டும் ஒண்ணுதானாம், கடைக்காரர் சொல்றாரு. எக்ஸ் இல்லாதது 70 திர்ஹாம் சல்லிசு. கூலரும் கூடவே வருது. எடுத்துரவா?"

கூடவே ஒரு படம். பர் துபாயில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கும் காலித் பின் அல் வலீத் சாலையில் ஒரு கடையின் கண்ணாடி மேசை. அதன்மேல் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்றில் ரைசன் 7 5700, இன்னொன்றில் ரைசன் 7 5700எக்ஸ். இரண்டும் ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர், அதாவது கணினியின் மூளை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மதுரைக்கு விமானம். தவறானதை வாங்கி வந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க அடுத்த விடுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று பதில் போட்டேன். அந்த ஸ்டிக்கர் சொன்ன விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரையில் கணினி பழுது பார்ப்பதுதான் என் தொழில். இந்தக் கணினியை 2019இல் நான்தான் கட்டிக் கொடுத்தேன். ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம். துபாயில் இருப்பவருடைய தம்பிக்காக. அப்போது பள்ளிக்கூடப் பையன், இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுமுறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து, அந்தக் காசில் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அவன் வாங்கியதுதான். ஆனால் கார்டு போட்டும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் திணறல் நிற்கவில்லை. புகைக்குண்டு விழுந்து நாலு பேர் ஒரே இடத்தில் சுட ஆரம்பித்தால் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது என்றான். காக்காவிடம் (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொல்லியிருக்கிறான். காக்காவும் "நான் வரும்போது பிராசசர் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

நோய் எங்கே என்று பார்க்காமல் மருந்து வாங்குவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அதனால் அந்தக் குரல் பதிவு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தேன்.

வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே திருகுகளின் தலையில் செந்துரு, விசிறி இதழ்களில் பிசுபிசுவென்று ஒட்டிய தூசி. உப்புக்காற்றில் தூசி உலர்ந்து உதிராது, ஈரத்தோடு அப்பிக்கொள்ளும். ராமநாதபுரம் டவுனில் ஓடும் கணினிக்கும் கரையோரத்தில் ஓடும் கணினிக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

தூசியைத் தட்டும்போது ரேமைப் பார்த்தேன். இரண்டு 8 ஜிபி குச்சிகளும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருந்தன. நான் கட்டியபோது பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டிருந்தேன். இடையில் யாரோ சுத்தம் செய்யக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் இரண்டு குச்சியும் ஒரே சேனலில் ஓடும். இருவழிப் பாதையில் ஒரு வழியை அடைத்த மாதிரி. போதாததற்கு 3200 வேகத்துக்கு விற்ற குச்சிகள் 2400இல் ஓடிக்கொண்டிருந்தன, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை விற்ற வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்திருந்தது. ஸ்லாட்டை மாற்றினேன். 2600 அதிகாரபூர்வமாக 2933 வரைதான் தாங்கும் என்பதால் அதிலேயே நிறுத்தினேன். காசு எதுவும் செலவாகவில்லை. விளையாட்டு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சீரானது.

ஆனாலும் திணறல் முழுதாகப் போகவில்லை. அடுத்து எல்லோரும் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கினோம். கார்டுதான் தடை என்றால் இப்போது எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏற வேண்டும், ஏனென்றால் கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விட்டது. ஏறவில்லை. கார்டின் உபயோகம் 60 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. அதாவது கார்டு சும்மா காத்துக்கொண்டிருந்தது, அதற்கு வேலை கொடுக்க வேண்டிய பிராசசர்தான் திணறிக்கொண்டிருந்தது. சராசரி 150ஐத் தொட்டாலும் சண்டை நேரத்தில் 60 வரை விழுந்தது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சராசரி இல்லை, இந்த விழுதல்தான். சைபர்பங்க் 2077இல் இதே சோதனையைச் செய்தால் நேர்மாறு, அங்கே கார்டு முழுமூச்சில் ஓடியது. அந்த விளையாட்டுக்காகப் பிராசசர் மாற்றுவது வீண் செலவு என்று அவனிடமே சொன்னேன்.

ஆக, பிராசசர் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது என்பது உறுதியானது. போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதால், போர்டில் பிராசசர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டிலேயே மேலே போவது என்று முடிவு. புதிய ஏஎம்5க்குப் போனால் போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்த்து வாங்க வேண்டும். அது அவர்கள் கையைக் கடிக்கும்.

ஸ்டிக்கர் சொன்னது

இப்போது துபாய்க் கடைக்கு வருவோம். ஸ்டிக்கர் படங்கள் வந்தன. இரண்டிலும் 8 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் அலகு), 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை). இரண்டிலும் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் 65 வாட். அடிப்படை வேகம் 5700இல் 3.7, 5700எக்ஸில் 3.4. இதுவரை மட்டும் படித்தால் விலை குறைந்ததுதான் உசத்தி என்று தோன்றும். கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவர் பார்த்தது இவ்வளவுதான். நான் பார்க்கச் சொன்னது கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம், என்று போட்டிருக்கும் எண். 5700இல் 20 எம்பி, 5700எக்ஸில் 36 எம்பி.

இந்த எண் இரண்டு அடுக்குகளின் கூட்டுத்தொகை. எட்டு கோருக்கும் தலா அரை எம்பி வீதம் 4 எம்பி எல்2 கேஷ் இரண்டிலும் உண்டு. அதைக் கழித்தால் எல்லா கோரும் பங்குபோட்டுக்கொள்ளும் எல்3 கேஷ் 16, 32. சரிபாதி.

ஒரே பெயர், ஓர் எழுத்துதான் வித்தியாசம், உள்ளே பாதிக் கேஷ். இது எப்படி? இரண்டும் ஜென் 3 கட்டமைப்புதான், ஆனால் உள்ளே இருக்கும் சில்லு வேறு. 2022 ஏப்ரலில் வந்த 5700எக்ஸ், வெர்மீர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கோர்கள் தனிச் சில்லு, வெளித்தொடர்புகளைக் கவனிப்பது தனிச் சில்லு. 2024 ஜனவரியில் கடைக்கு வந்த 5700, செசான் குடும்பம். ஏஎம்டியில் இப்படி ஓவியர்கள் பெயரை வைப்பது வழக்கம். செசான் என்பது அடிப்படையில் மடிக்கணினிக்கும், கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய 5700ஜி போன்றவற்றுக்கும் செய்த ஒற்றைச் சில்லு. கிராஃபிக்ஸுக்கு இடம் விட வேண்டியிருந்ததால் அதில் கேஷைக் குறைத்தார்கள். 5700ஜியில் அந்த கிராஃபிக்ஸை அணைத்துவிட்டால் கிட்டத்தட்ட 5700 வந்துவிடும். கிராஃபிக்ஸும் இல்லை, அதற்காக விட்டுக்கொடுத்த கேஷும் திரும்பி வரவில்லை. பெயர் வைப்பதில் நிறுவனம் இன்னும் தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குகிறவர் ஒவ்வொருவரும் சில்லின் குடும்பப் பெயரைத் தேடிப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தக் கேஷ் அப்படி என்ன முக்கியம் என்று தம்பி கேட்டான். நம் ஊர்க்காரனுக்குத் தண்ணீரை வைத்துத்தான் சொல்ல முடியும். அடுப்படியில் இருக்கும் குடம் கேஷ். தெருவில் வந்து நிற்கும் தண்ணீர் வண்டி ரேம். குடத்தில் இருந்தால் கை நீட்டினால் போதும். காலியானால் வண்டி வரும்வரை அடுப்பு காத்திருக்கும். ஜென் 3இல் எல்3 கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 10 நானோ விநாடி. அதையே ரேமிலிருந்து எடுக்க 60, 70 ஆகிவிடும். விளையாட்டு என்பது முன்கூட்டிச் சொல்ல முடியாத இடங்களிலிருந்து சின்னச் சின்னத் தகவலை ஓயாமல் கேட்கும் வேலை. எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, புகை எப்படிப் பரவுகிறது. குடம் பெரிதாக இருந்தால் வண்டிக்காகக் காத்திருக்கும் தடவைகள் குறையும். சண்டை நேரத்தில் எஃப்பிஎஸ் விழுவது அந்தக் காத்திருப்பினால்தான். வீடியோ ரெண்டரிங்கில் இந்த அளவு வித்தியாசம் தெரியாது, அங்கே தகவல் வரிசையாக வரும், எட்டு கோரும் முழுமூச்சில் உழைப்பதுதான் பெரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவனுடைய பழைய 2600இலும் எல்3 கேஷ் 16 எம்பிதான். அதுவும் மூன்று கோருக்கு 8, மூன்று கோருக்கு 8 என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 5700இல் 16ம் ஒரே தொட்டி, கோரும் புதியது. அதனால் அதைப் போட்டிருந்தாலும் முன்னேற்றம் இருந்திருக்கும். ஆனால் நாம் தீர்க்க வந்த நோய்க்கு அது அரை மருந்து.

நம் போர்டில் எந்த வித்தியாசத்துக்கு உயிர் இருக்கிறது

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வித்தியாசமும் பரவலாகப் பேசப்படுகிறது. பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் தகவல் போகும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ், 5700இல் 3.0, 5700எக்ஸில் 4.0. ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டும் உள்ள கார்டு என்பதால் 3.0இல் போட்டால் பாதை குறுகும் என்பது சரிதான். ஆனால் இவனுடைய போர்டு பி450, அதில் 3.0தான். எந்தப் பிராசசரைப் போட்டாலும் கார்டு 3.0இல்தான் ஓடும். காகிதத்தில் பெரிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் இந்தக் கணினியில் செத்துப்போய்விடுகிறது. இதே தம்பியிடம் 4.0 உள்ள பி550 போர்டு இருந்திருந்தால் 5700எக்ஸுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும்.

அடிப்படை வேகமும் அப்படித்தான். விளையாடும்போது பிராசசர் அடிப்படை வேகத்துக்கு இறங்குவதே இல்லை, உச்சத்தை ஒட்டித்தான் ஓடும். 3.7 பெரிதா 3.4 பெரிதா என்று பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

கூலர் விஷயம் உண்மையான வித்தியாசம். 5700எக்ஸ் பெட்டியில் கூலர் கிடையாது, ஸ்டிக்கரில் பொருள் எண் டபிள்யூஓஎஃப் என்று முடிந்தால் விசிறி இல்லை என்று அர்த்தம். 2600உடன் வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரை மாட்டினாலும் 5700எக்ஸ் ஓடும். ஆனால் எடிட்டிங் செய்கிறவன், ஏசி இல்லாத அறை, சித்திரை வெயில். வெப்பக்குழாய் வைத்த ஒரு சாதாரண டவர் கூலர் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னேன். அந்தச் செலவையும் சேர்த்தால்தான் 5700எக்ஸின் உண்மையான விலை.

ஆக மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு பக்கம் பாதிக் கேஷும் இலவசக் கூலரும், இன்னொரு பக்கம் முழுக் கேஷும் கூலர் செலவும். 70 திர்ஹாமும் ஒரு கூலரும் மிச்சம் பிடிப்பதற்காக, எந்தக் காரணத்துக்கு மாற்றுகிறோமோ அதையே பாதியாக வெட்டிக்கொள்வது சரியில்லை. "எக்ஸ் போட்டதை எடுங்க. சீல் உடையாத பெட்டியா பாருங்க, பில் கட்டாயம் வாங்குங்க" என்று சொன்னேன். பெட்டியில் வரும் பிராசசருக்கு ஏஎம்டி மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறது. பெட்டி இல்லாமல் தட்டில் வைத்து விற்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது, விற்கிற கடை தருவதுதான்.

ரைசன் 5 5600 பற்றி அவரே கேட்டார். ஆறு கோர், ஆனால் 32 எம்பி எல்3 முழுதாக உண்டு, விலையும் கீழே. தம்பி விளையாட்டு மட்டும்தான் என்றால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்பேன். பெயரில் 7 இருக்கும் 5700ஐவிடப் பெயரில் 5 இருக்கும் 5600 பெரும்பாலான விளையாட்டில் நன்றாக ஓடும். கல்யாண வீடியோதான் எட்டு கோருக்குக் காரணம். 96 எம்பி எல்3 உள்ள 5700எக்ஸ்3டி கிடைத்திருந்தால் விளையாட்டுக்கு அதுதான் ராஜா. அந்தக் கடையில் இல்லை, வேறு கடை தேட நேரமும் இல்லை.

மாற்றிய நாள்

பிராசசர் வந்து சேர்வதற்கு முன்பே பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019இல் வந்த பயாஸுக்கு ஜென் 3 என்றால் என்னவென்றே தெரியாது. புதியதை மாட்டிவிட்டுப் புதுப்பிக்கலாம் என்று நினைத்தால் திரையே வராது, பழையது சாக்கெட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். போர்டு தயாரிப்பாளர் தரும் ஆதரவுப் பட்டியலில் ஒவ்வொரு பிராசசருக்கும் குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு போட்டிருக்கும். இரண்டில் எதை எடுப்பது என்று முடிவு செய்யுமுன் அதையும் பார்த்தேன். கடைசிப் பதிப்பு எல்லாவற்றுக்கும் போதும்.

ஐப்பசித் தூறல் வேறு. மாதக்கணக்கில் மின்கம்பத்துப் பீங்கானில் படிந்த உப்பு, முதல் தூறலில் நனைந்ததும் லைன் டிரிப் ஆவது கரையோரத்தில் நமக்குப் பழக்கமானது. பயாஸ் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் போர்டு கட்டையாகிவிடும். கடையிலிருந்து 1 கேவிஏ யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன். பென்டிரைவிலிருந்து எழுத ஆரம்பித்து பட்டை பாதியைத் தாண்டியபோது விளக்கு ஒரு தடவை அணைந்து வந்தது. யுபிஎஸ் பீப் அடித்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது, முடிந்தது. அந்த யுபிஎஸ்ஸை அன்று எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் இந்த எழுத்தின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காக்காவும் வந்துவிட்டார், பெட்டியும் வந்தது. கழற்றுவதற்கு முன் ஒரு வேலை: விண்டோஸ் 11இல் டிஸ்க் பூட்டு இயங்குகிறதா என்று பார்த்தேன். இயங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாது. பிராசசரை மாற்றினால் அதற்குள் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் என்ற பகுதியும் மாறிவிடும், விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். உள்ளே மூன்று கல்யாண வீடியோ, ஒன்றுகூட இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தினேன்.

பிறகு இருபது நிமிடம் விளையாடச் சொன்னேன், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் சூடாகி இளகட்டும் என்று. ஏஎம்4 பிராசசரில் 1,331 பின்களும் பிராசசரிலேயே இருக்கும். ஆறு ஆண்டு பேஸ்ட் காய்ந்து பசையாகப் பிடித்திருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், லிவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். அணைத்துவிட்டு நாலு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கு மூலையாகத் தளர்த்தினேன். ஒன்று துருவேறி அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்து திருப்பினேன். கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருக, காய்ந்த களிமண் விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு இளக்கம் கையில் தெரிந்தது. தூக்கினேன். பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது.

புதியது உட்கார்ந்தது, டவர் கூலர் ஏறியது. முதல் தடவை ஆன் செய்ததும் புதிய பிராசசர், எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாக்கவா என்று திரையில் கேட்டது. கையில் மீட்பு எண் இருந்ததால் தைரியமாக ஒய் அழுத்தினேன். விண்டோஸ் நேராகத் திறந்தது. ரேமை 3200க்கு ஏற்றினேன்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் அதே வரைபடம், அதே அமைப்பு. கார்டின் உபயோகம் 90ஐத் தாண்டியது. முன்பு 60க்கு விழுந்த இடத்தில் 110க்குக் கீழே போகவில்லை. தம்பி மூன்று ரவுண்டு ஆடிவிட்டு, "புகைக்குள்ள போனாலும் வெட்டலண்ணே" என்றான். சைபர்பங்கில் நான் முன்பே சொன்ன மாதிரி பெரிய மாற்றம் இல்லை. வீடியோ ரெண்டர் நேரம் நன்றாகக் குறைந்தது.

காக்கா இன்னொரு கேள்வி கேட்டார். எக்ஸ் இல்லாத 5700ஐ யாருமே வாங்கக் கூடாதா? அப்படி இல்லை. விளையாட்டே இல்லாமல் ரெண்டரிங், கோடிங் மாதிரி வேலைக்கு எட்டு கோர் வேண்டும், கையில் கூலர் இல்லை, இரண்டுக்கும் விலை நன்றாக விலகியிருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். ஒற்றைச் சில்லு என்பதால் சும்மா இருக்கும்போது கரண்ட்டும் கொஞ்சம் குறைவாகத்தான் தின்னும். கேமிங் கணினிக்கு, அதுவும் இந்த விலை வித்தியாசத்தில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய 2600ஐ, பின் வளையாமல் புதியது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்துக் கொடுத்தேன். அவர்கள் லாத்தாவின் (அக்காவின்) மகள் பிளஸ் 1 படிக்கிறாள், அவளுக்கு அதில் ஒரு கணினி கட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 2600இல் கிராஃபிக்ஸ் உள்ளடங்கி வராது, அதனால் சிறிய கார்டு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.